படிக்கட்டு வயல்களும் காட்டுத் தீயும்

குருநகர்க் கரையில் அமர்ந்து வலை பொத்தும் முதியவர் ஒருவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டால், அவர் அதனை ஒரே காற்றாகச் சொல்லமாட்டார். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று திசைக்கொரு பெயரும் பருவத்துக்கொரு குணமும் சொல்லுவார். கரையூர் என்னும் பழம்பெயரால் இவ்வூர் வழங்கிய காலந்தொட்டே, தொழிலுக்குப் போவதையும் போகாமல் கரையில் இருப்பதையும் இந்தக் காற்றுகளே தீர்மானித்து வந்திருக்கின்றன. வைகாசிக்குப் பின் சில மாதங்கள் சோளகம் ஓயாது வீசுகிறது. வானம் வெளுத்து, மண் காய்ந்து, கிணறுகளில் நீர் இறங்கும் காலம் அது.

இதே தென்மேற்குக் காற்றுத்தான் இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து, இலங்கையின் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்பொழுது அதனிடம் ஈரம் இல்லை. உலர்ந்து, வெம்மையேறி, சரிவுகளின்மீது அது பாய்கிறது. அப்பொழுதுதான் எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை, அல்துமுல்லை ஆகிய பகுதிகளில் புல்வெளிகளும் பைன் காடுகளும் தீப்பற்றி எரிகின்றன என்ற செய்தி நமக்கு வந்து சேர்கிறது. ஏறத்தாழ ஆண்டுதோறும் வரும் செய்தி அது. நாமும் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

தீக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று வறட்சி. மற்றையது, பொறுப்பற்ற யாரோ ஒருவன் வைத்த நெருப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. நம் நாட்டில் மின்னல் காட்டை எரிப்பது மிக அரிது. வேட்டைக்காகவோ, கால்நடைக்கு இளம்புல் தளிர்ப்பதற்காகவோ, வெறும் கவனக்குறைவாலோ மனிதர் வைக்கும் நெருப்பே பெரும்பாலும் பரவுகிறது. பூமி வெப்பமேறி வருவதால் உலர்காலத்தின் கடுமை கூடுகிறது என்பதும் இன்று ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் இந்த விடைகளோடு நின்றுவிட்டால் வரலாற்றை நாம் தொடவேயில்லை. ஒரு பொறி விழுந்த இடத்தில் அணைந்துபோவதும், மலை முழுவதையும் விழுங்குவதும், அது விழுந்த நிலம் யாருடைய கையில் எவ்வாறு இருந்தது என்பதைப் பொறுத்தவை. ஆகவே மலைத்தீயின் கதையை நிலவுரிமையின் கதையாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களை மீட்டால் தீயைத் தணிக்கலாம் என்று இன்று உலகின் பல பகுதிகளில் பேசப்படுவதால், அந்த வாசிப்பு இப்பொழுது மிகவும் அவசியமாகிறது.

மலைச்சரிவில் ஒரு சமுதாயம்

1660 இல் கொட்டியாரக் குடாவில் சிறைபிடிக்கப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ நேர்ந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் மலைநாட்டு உழவரின் கைவண்ணத்தை வியந்து எழுதியிருக்கிறார். செங்குத்தான சரிவையும் உழவர்கள் சில அடி அகலமே கொண்ட தட்டுகளாக வெட்டிச் சமப்படுத்தினர். அவை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டுப்போல் இறங்கின. மேலே விழுந்த நீர் தட்டுத்தட்டாக வழிந்து கடைசி வயல்வரை ஊட்டியது. நொக்ஸ் கண்ட இந்த அமைப்பு அவர் காலத்திலேயே தொன்மையானது.

அந்த வயல்கள் தனித்து நிற்கவில்லை. பள்ளத்தாக்கில் படிக்கட்டு வயல். அதற்கு மேலே பலா, கமுகு, கித்துள், மிளகு நிறைந்த வீட்டுத்தோட்டம். அதற்கும் மேலே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி எரித்துக் குரக்கன் விதைக்கும் சேனை. உச்சியில் நீரூற்றுகளைக் காக்கும் காடு. இந்நான்கும் ஓர் உடம்பின் உறுப்புகள். வயலைச் சேறாக்க எருமை வேண்டும். எருமைக்கு மேய்ச்சல் வேண்டும். வயலுக்கு நீர் வர மேற்காடு வேண்டும். வயல் பொய்த்த ஆண்டில் வயிற்றுக்குச் சேனை வேண்டும். ஒன்றை அறுத்தால் மற்றவை தளரும்.

இந்த வாழ்வைப் பொற்காலமாகப் போற்றுவது நமது நோக்கமன்று. மன்னனுக்கும் நிலப்பிரபுவுக்கும் விகாரைக்கும் செய்யவேண்டிய இராஜகாரியக் கட்டாய ஊழியம் உழவனின் தோளை அழுத்தியது. சாதி அவனவன் வேலையை வகுத்து வைத்தது. ஆனால் அந்த அநீதிகளுக்கு நடுவே உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த ஓர் அறிவு இருந்தது. அநீதியைத் தள்ளி அறிவைக் கொள்ளுவதே முற்போக்காளர் கடமை.

படிக்கட்டு தீயை எவ்வாறு தடுக்கிறது?

சமநிலத்தில் ஊர்ந்து செல்லும் தீ, சரிவில் ஓடுகிறது. சுவாலை மேற்பக்கத்துப் புல்லின்மீது சாய்ந்து, அதைத் தொடுவதற்கு முன்னரே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயிடை அகப்பட்டார்கள். 20 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சரிவில் ஓடும் தீயை முந்தி மனிதக் கால்கள் ஓடமுடியாது என்ற கொடிய உண்மையை அந்நாள் நமக்குக் காட்டியது.

உழவன் வெட்டிய படிக்கட்டு, அந்தச் சரிவையே துண்டு துண்டாக்குகிறது. தீ ஒவ்வொரு தட்டிலும் சமநிலத்தைச் சந்திக்கிறது. கல்லுக்கட்டிலும் வரம்பிலும் எரிவதற்கு எதுவும் இல்லை. இது முதலாவது. மழைநீர் ஓடிப்போகாமல் தட்டுகளில் தங்கி மண்ணுக்குள் இறங்குவதால், உலர்காலத்திலும் நிலத்தில் ஈரம் நிற்கிறது. இது இரண்டாவது. வரம்பில் முளைக்கும் புல் மாட்டுக்கு அறுக்கப்படுகிறது, விறகு பொறுக்கப்படுகிறது, சருகு எருவாகிறது. அதாவது, தீக்கு உணவாகக்கூடியது மனிதனுக்கும் மாட்டுக்கும் மண்ணுக்கும் உணவாகிவிடுகிறது. இது மூன்றாவது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான நான்காவது ஒன்று உண்டு. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். புகையைக் காணக் கண்ணும், ஊரைக் கூப்பிடக் குரலும், பச்சைக் கொப்பை முறித்து அடித்து அணைக்கக் கையும் அங்கே இருக்கின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அக்காலத்தில் உழவனும் நெருப்பு வைத்தானே? வைத்தான். சேனை நெருப்பின்றி இல்லை. ஊவாவின் பத்தனைப் புல்நிலங்கள் பழங்காலத்திலும் எரிந்தன. ஆனால் அந்தச் சேனை நெருப்புக்கு எல்லை இருந்தது. ஓரத்தைச் சுத்தப்படுத்தி, காற்றின் போக்கைப் பார்த்து, அயலாரைக் கூட்டி வைத்த நெருப்பு அது. தன் வயலும் வீடும் அருகில் இருப்பவன் நெருப்பைக் கட்டவிழ்த்து விடுவானா?

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கைவிடப்பட்ட படிக்கட்டு, தீக்கு அரணாக நிற்பதில்லை. தேங்கிய ஈரத்திலும் வளத்திலும் புதரும் புல்லும் மற்ற நிலத்தைவிட அடர்ந்து வளர்கின்றன. உலர்காலத்தில் அவை தட்டுக்குத் தட்டு தீயை ஏற்றிவிடும் விறகாகின்றன. கல்லுக்கட்டு பிளந்து, மழைக்காலத்தில் மண்ணும் சரிகிறது. எனவே கல்லும் வரம்பும் மட்டும் மலையைக் காப்பாற்றுவதில்லை. அவற்றை நாள்தோறும் பேணுகின்ற, பேணுவதால் பிழைக்கின்ற மனிதன் வேண்டும். அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது?

சட்டம் வைத்த நெருப்பு

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. 1817-18 இல் ஊவாவிலும் வெல்லசவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சியை ஆளுநர் பிரவுண்றிக்கின் படைகள் அடக்கிய விதம் வரலாற்றில் பதிந்திருக்கிறது. வீடுகள் கொளுத்தப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, நீர்ப்பாசன வேலைகள் சிதைக்கப்பட்டன. ஊவா மலையின் முதற் பெருந்தீயை மூட்டியது ஏகாதிபத்தியத்தின் படை என்று சொன்னால் அது மிகையாகாது.

1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் வாய்க்காலையும் அணையையும் ஊர்கூடிச் செப்பனிடும் பழைய கடமைக்கு வேறு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1856 இல், பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு உயிர்கொடுக்கத் தனியாக ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது என்பதே நேர்ந்த சேதத்துக்குச் சான்று.

அதற்கிடையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. சேனை நிலமோ சில ஆண்டு பயிராகவும் பல ஆண்டு தரிசாகவும் கிடப்பது. அவ்வாறு கிடப்பதே அதன் பயிர்முறை. காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் எந்த உழவனிடம் உறுதிச் சீட்டு இருந்தது? ஒரு பேனாவின் வீச்சில் மலைக்கிராமத்தின் நான்கு உறுப்புகளில் இரண்டு வெட்டப்பட்டன. ஏக்கர் 5 சிலிங் என்ற விலைக்கு அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. வாங்கியவர்களுள் ஆட்சியதிகாரிகளும் இருந்தார்கள்.

கோப்பித் தோட்டம் எவ்வாறு உண்டாக்கப்பட்டது? மலைச்சரிவின் மரங்கள் முழுவதும் வீழ்த்தப்பட்டு, வெயிலில் உலரவிடப்பட்டு, பின் கொளுத்தப்பட்டன. 1870 களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அதற்காக எரிந்த காடு எவ்வளவு என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். ஒரு கிராமத்தவன் குரக்கனுக்காகத் துண்டுநிலத்தை எரித்தால் அது காட்டை அழிக்கும் மூடத்தனம் என்று அரசாங்க அறிக்கைகள் கண்டித்தன. துரை ஒரு மலையையே எரித்தால் அது நாட்டின் முன்னேற்றம் எனப்பட்டது. நெருப்பு ஒன்றுதான்; அதை வைப்பவனின் வர்க்கத்தைப் பொறுத்து அதன் பெயர் மாறிற்று.

மேய்ச்சலை இழந்த எருமை தோட்டத்துக்குள் புகுந்தால் பிடித்து அடைக்கப்பட்டது. உடையவன் தண்டம் கட்டினான். எருமையின்றிப் படிக்கட்டு வயலைச் சேறாக்குவது எப்படி? எரு எங்கிருந்து வரும்? இந்நிலையில் தானிய வரி அவன் கழுத்தைப் பிடித்தது. நெல்லாகக் கொடுத்து வந்த வரியைப் பணமாகக் கட்டும்படி 1878 ஆம் ஆண்டின் சட்டம் நிர்ப்பந்தித்தது. கட்டமுடியாதவரின் வயல் ஏலத்துக்கு வந்தது. 1880 களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் மக்கள் வயலிழந்து, ஊரிழந்து, பட்டினியில் மாண்ட செய்தியை அம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரே வெளிக்கொணர்ந்தார். அது இங்கிலாந்துவரை வாதமாயிற்று. 1892 இல் தானிய வரி ஒழிக்கப்பட்டது. ஆனால் போன மனிதரும் போன வயலும் சட்டத்தை நீக்கியதால் திரும்பி வந்துவிடவில்லை.

மலையைப் படியாக்கிய தமிழ்க் கைகள்

1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையை ஆயத்தப்படுத்திய கைகள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடத்திக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகள். கல்லுக்கட்டியவர்களும், கான் வெட்டியவர்களும், சரிவில் பாதை பிடித்தவர்களும் அவர்களே.

ஆயினும் பெருந்தோட்டத்தின் படி, உழவனின் படி போன்றதன்று. தொடக்ககாலத் துரைமார் ஒரு புல்லும் இல்லாமல் மண்ணைச் சுரண்டித் துப்புரவாக வைப்பதையே நல்ல வேளாண்மை என்று கருதினர். மூடலற்ற மண்ணை ஒவ்வொரு மழையும் கழுவிச் சென்றது. 1931 இல் மண்ணரிப்புப் பற்றிய குழு ஒன்றின் அறிக்கையும், சுதந்திரத்தின் பின் 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வரவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. மண் மகாவலியோடு போயிற்று.

மலையைத் தாங்கிய அந்த மக்களுக்கு நாடு கொடுத்த பரிசு என்ன? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதாக. 1977 இன் வன்செயலுக்குப் பின் பல குடும்பங்கள் மலையைவிட்டு வன்னிக்கு வந்து சேர்ந்தன. எந்தச் சரிவில் எந்தக் கான் எப்பொழுது அடைக்கும், எந்தக் கட்டு எந்த மழையில் பிதுங்கும் என்று அறிந்திருந்த கைகள் இவ்வாறு மலையிலிருந்து பிடுங்கப்பட்டன. அந்நாட்களில் வடக்கிலிருந்த நாம் அவர்களுக்காகப் போதிய குரல் எழுப்பினோமா என்ற கேள்வியை இன்றாயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவே தவிர, உழைப்பவனுக்கு நிலம் சேரவில்லை. இலாபம் தராத பழைய தேயிலைச் சரிவுகள் பல இடங்களில் கைவிடப்பட்டன. கான் தூர்ந்தது, கட்டு சரிந்தது, மானாப்புல் ஆளுயரத்துக்கு எழுந்தது. சோளகம் வீசும் மாதங்களில் அது வைக்கோலாகக் காய்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது.

இதனோடு இன்னொரு தவறும் சேர்ந்தது. வெறுஞ்சரிவுகளைக் காடாக்குவது என்ற பெயரில் 1970 களின் பிற்பகுதி தொடங்கிப் பெருமளவில் கரிபியப் பைன் நடப்பட்டது. விரைந்து வளரும் மரம். அறிக்கையில் ஏக்கர்க் கணக்குக் காட்ட வசதியான மரம். அதன் ஊசியிலைச் சருகு எளிதில் மக்குவதில்லை, பிசின் நிறைந்தது, மாடு தின்னாது. அவ்வூர் மனிதருக்கு அந்தக் காட்டுக்குள் போக ஒரு தேவையும் இல்லை. மனிதர் நுழையாத அந்தச் சருகு மெத்தை ஆண்டுதோறும் தடித்து வருகிறது.

தீயும் மண்சரிவும் உடன்பிறந்தவை. வெயிற்காலத்தில் எரிந்து மூடலிழந்த சரிவு, மழைக்காலத்தில் எளிதில் அரிபடுகிறது. கான்கள் தூர்ந்த சரிவில் நீர் போக்கின்றித் தேங்குகிறது. ஊவாவின் கொஸ்லந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29 அன்று மலை மூடியது. அபாயம் உண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. ஆனால் எழுந்து போவதற்கு அம்மக்களுக்குச் சொந்த நிலம் ஒரு துண்டேனும் இருந்ததா?

உலகம் தரும் சாட்சியம்

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 2017 யூன் 17 இல் போர்த்துக்கலின் பெட்றோகாவ் கிராண்டே பகுதியில் எழுந்த தீ 66 உயிர்களைக் கொண்டது. தப்பியோடியவர் பலர் வீதியிலேயே வாகனங்களுக்குள் மாண்டனர். உட்பகுதிக் கிராமங்கள் வெறிச்சோடி, உழவரின் தட்டுநிலங்களும் மேய்ச்சலும் இருந்த பகுதிகளில் பைனும், கடதாசி ஆலைக்கான யூக்கலிப்டசும் நெருங்கி நிற்பது அந்நாட்டின் நிலை. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. சலாசாரின் சர்வாதிகாரம் 1938 இல் ஒரு சட்டத்தின் வழியாகக் கிராமங்களின் பொது நிலங்களைப் பறித்துப் பைன் நட்டது. ஆடு மேய்த்தவர்கள் விரட்டப்பட்டனர். அக்கொடுமையை 1958 இல் நாவலாக எழுதிய அக்விலினோ றிபைறோ மீது அரசு வழக்குத் தொடுத்தது, நூல் தடைசெய்யப்பட்டது. 1974 இன் புரட்சிக்குப் பின் 1976 இல் பொது நிலங்களைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் இளைஞர்கள் பிரான்சுக்கும் நகரங்களுக்கும் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள்.

இமயமலைச் சாரலிலுள்ள குமாவோனிலும் இதுவே நடந்தது. அங்கும் படிக்கட்டு வயல்களே வாழ்வு. வயலுக்கு எரு தந்தது கருவாலி மரக்காட்டின் சருகு. பிரித்தானியர் அக்காடுகளை ஒதுக்கிவைத்து, பிசினுக்கும் மரத்துக்கும் உதவும் பைனை வளர்த்தனர். 1921 தை மாதத்தில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள் கட்டாய ஊழியத்தை மறுத்தனர். அவ்வாண்டுக் கோடையில் அரசாங்கத்தின் பைன் காடுகள் பல இடங்களில் மக்களாலேயே எரிக்கப்பட்டன. காட்டைத் தமதென்று கருதமுடியாது செய்யப்பட்டவர்களின் கோபம் அது. 1931 இல் ஊர்மன்றங்களுக்குக் காட்டின் ஒரு பகுதியைப் பேணும் உரிமையைக் கொடுக்க அரசு இணங்கிற்று. இன்றைய உத்தரகாண்டத்தில் ஆளில்லா ஊர்களும் தரிசாய்க் கிடக்கும் படிக்கட்டு வயல்களும் பெருகியுள்ளன. 2016 இலும் 2024 இலும் பெருந்தீக்கள் அங்கு எரிந்தன.

மீட்கவேண்டியது எது?

கல்லுக்கட்டும் அறிவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக 2018 இல் யுனெஸ்கோ ஏற்றது. இத்தாலியின் சிங்குவே தெரே கரையோரப் படிக்கட்டுத் தோட்டங்கள் 1997 இலேயே உலக மரபுரிமையாயின. ஆனால் உல்லாசப் பயணிகள் வந்து குவிய, தோட்டத்தில் உழைப்பவர் அருகினர். 2011 ஒக்டோபரில் பெய்த பெருமழையில் அங்கே மண்ணும் நீரும் ஊர்களுக்குள் பாய்ந்தன. படம் பிடிப்பதற்காகக் காக்கப்படும் படிக்கட்டு, மலையைக் காப்பதில்லை.

ஆகவே, படிக்கட்டு வேளாண்மையை மீட்பது என்றால் என்ன பொருள் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். மேட்டுநிலத்து ஈரக்காட்டை வெட்டி வயலாக்குவது அன்று. அந்தக் காடு நதிகளின் தாய், அதைத் தொடலாகாது. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளையும், மானாப்புல்லும் பைனும் ஆண்டுகொள்ளும் நிலங்களையும் பற்றியே நாம் பேசுகிறோம். அந்நிலத்தை அங்கேயே வாழும் தோட்டத் தொழிலாளருக்கும் சிங்களக் கிராமத்து உழவருக்கும் உறுதியோடு கொடுக்கவேண்டும். இன்றும் மலையகத் தொழிலாளரில் பெரும்பாலோர்க்குத் தாம் படுக்கும் லயத்து அறைகூடச் சொந்தமில்லை. தனக்குச் சொந்தமில்லாத சரிவில் கல் அடுக்கிக் கட்டு என்று ஒருவனுக்கு எந்த முகத்தோடு சொல்வது? ஒரு கட்டைக் கட்டிப் பயன் காணப் பல ஆண்டு செல்லும். நாளைக்கு வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுபவன் நாளைக்குரிய வேலையைச் செய்யமாட்டான்.

இளைஞர் மறுபடியும் மண்வெட்டியோடு மலையேற விரும்புவார்களா என்று கேட்கப்படலாம். பட்டினிக்கூலிக்கு ஏறமாட்டார்கள், ஏறவும் வேண்டாம். படிக்கட்டைப் பேணுபவன் தன் வயிற்றுக்காக மட்டும் உழைக்கவில்லை. கீழேயுள்ள ஊரைத் தீயிலிருந்தும் சரிவிலிருந்தும் காக்கிறான். மகாவலியின் நீர்த்தேக்கங்களில் மண் நிறையாமல் காக்கிறான். அந்த நீரில் மின்சாரம் பெறும் நகரத்தையும் காக்கிறான். அந்த வேலைக்கு நாடு கூலி கொடுக்கக் கடமைப்பட்டது. தீ எழுந்தபின் ஹெலிகொப்டரில் நீர் சொரிவதற்குப் பணம் உண்டு. தீ எழாமல் ஒரு மனிதன் ஆண்டு முழுதும் புல்லறுப்பதற்குப் பணம் இல்லையா? விளைந்த பொருளுக்கு நியாயவிலையும், கூட்டுறவுக் கடனும், சந்தைக்குப் பாதையும் இருந்தால் படித்த இளைஞனும் மண்ணை வெறுக்கமாட்டான்.

எல்லா இடத்திலும் கல்லுக்கட்டே வேண்டுமென்பதும் இல்லை. சமவுயரக் கோடுகளில் சீமைக்கிளுவையை நெருக்கி நட்டு, அதன் அடியில் மண் சேர்ந்து தானாகவே படியாகும் உயிர்வேலி முறை நம் மலைநாட்டில் கைக்கொள்ளப்பட்டிருக்கிறது. வெட்டும் குழை மண்ணுக்கு எருவாகும், ஆட்டுக்கு உணவாகும், தடி விறகாகும். வேலிக்குக் கிளுவை நட்டு, தோட்டத்துக்குக் குழை தாழ்க்கும் யாழ்ப்பாண உழவனுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, படிக்கட்டும் இல்லை. ஆனால் ஆளில்லாத மண் என்னவாகும் என்பதை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். அந்தச் செம்பாட்டுத் தோட்டங்கள் இலங்கையிலேயே மிகுந்த உழைப்பால் விளைந்த நிலங்களுள் அடங்கும். காலஞ்சென்று பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் வேலியையும் வாய்க்காலையும் காணாது பற்றைக்காட்டின் முன் நின்றார்கள். கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண் கெட்டுப்போகவில்லை. மனிதரைத்தான் அதனிடமிருந்து பிரித்திருந்தார்கள். அவர்கள் பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, மறுபடியும் வெங்காயம் நட்டபொழுது நிலமும் அவர்களை ஏற்றுக்கொண்டது.

மலையிலும் அதுதான் நிகழவேண்டும். ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருக்கும் நம் நண்பர்கள், காட்டுத்தீயைப் புவியியல் பாடத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் நடத்திவிடாமல், நிலம் யாருக்கு என்ற கேள்வியோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும். மலையகத் தொழிலாளரின் காணிக் கோரிக்கை அவர்களுடைய கோரிக்கை மட்டுமன்று. இத்தீவின் நீரையும் மண்ணையும் காக்கும் கோரிக்கை அது.

குருநகர்க் கரையில் அடுத்த வைகாசியிலும் சோளகம் வீசும். அது மலையைத் தாண்டி ஊவாவிலும் வீசும். காற்றை நிறுத்த எவராலும் ஆகாது. அது வந்து சேரும் சரிவில் மானாப்புல் நிற்பதா, தன் சொந்த வரம்பில் புல்லறுத்துக்கொண்டு ஓர் உழவன் நிற்பதா என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க முடியும்.